யானையின் வாயும் காலும்

மயூர் விஹாரில் குடியேறிய நம்மவர் இல்லங்களில், தைப்பொங்கல் முடிந்ததும் ஒரு வேட்டை தொடங்குவது வழக்கம். ஆயுள் காப்பீட்டு ரசீது, பள்ளிக் கட்டண ரசீது, வீட்டுக் கடன் சான்று என்று அலமாரியின் அடித்தட்டு வரை துழாவுவோம். வருமான வரிக் கணக்கிற்காக, கணக்குப் பிரிவு குறித்த நாளுக்குள் அவை அலுவலகம் சேர வேண்டும்.

அந்நாள்களில் நாமும் ஒரு பிழை செய்தோம். பக்கத்துப் பாக்கெட்டில் வசிக்கும் மாமனாரின் மற்றொரு குடியிருப்பில் வாடகையின்றி வாழ்ந்துகொண்டே, வாடகை தந்ததாக ரசீது எழுதி, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அவரிடமே கையொப்பம் பெற்றோம். வீட்டு வாடகைப் படிக்கு வரி விலக்குப் பெறவே இவ்வளவும். "ஊரெல்லாம் செய்யறதுதானே மாப்பிள்ளை" என்றார் அவர். அருகில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள், "தாத்தாவுக்கு நாம வாடகை தர்றோமாப்பா?" என்று கேட்டாள். பாடத்தைப் பார் என்று கடிந்துகொண்டோம். எத்தனை விழுக்காடு வரி நியாயம் என்று நண்பர்கள் வாதிடும்போதெல்லாம் அக்கேள்வியே நம் முன் வந்து நிற்கிறது.

பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குக் கூறிய அறிவுரை புறநானூற்றில் உள்ளது; நிதியமைச்சரின் 2019ஆம் ஆண்டு நிதிநிலை உரையிலும் அது ஒலித்தது. சிறு வயலின் நெல்லை அறுத்துக் கவளமாக ஊட்டினால் யானைக்குப் பல நாள் வரும். யானையே வயலில் இறங்கினாலோ, உண்பதினும் மிதித்தழிப்பது மிகுதி. இதனை வரியின் அளவுக்குரிய உவமையாகவே பலரும் கொள்வர். முறைக்குரியதாகவே நமக்குத் தோன்றுகிறது. யானையின் காலடியில் நெல்லோடு வேறு சிலவும் மிதிபடுகின்றன.

அளவும் சிறு செய்தியன்று. 1973-74இல், 2 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வருமானத்தின் மீது, கூடுதல் கட்டணமும் சேர்த்து 97.75 விழுக்காடு வரி! நூறு ரூபாய் ஈட்டினால் கையில் நிற்பது இரண்டேகால் ரூபாய். உயர்ந்த வீதங்களே ஏய்ப்பை வளர்க்கின்றன என்று வாஞ்சூ குழு 1971இலேயே எச்சரித்திருந்தது. உச்ச வீதம் 1985இல் 50 ஆகவும், 1997இல் 30 ஆகவும் இறங்கியது. ஆயினும் நமது பொய் ரசீது அதற்குப் பின்னர் எழுதப்பட்டதுதானே? வீதம் தாழ்ந்தும் பொய் தாழவில்லை.

அடுக்குகளைக் குறைப்பதே எளிமை என்பதையும் நாம் ஏற்பதற்கில்லை. ஏழு அடுக்கு இருந்தாலும் பள்ளிப் பிள்ளை பெருக்கிக் கூட்டிவிடும். வருமானத்தில் எதையெதைக் கழிக்கலாம் என்ற இடத்தில்தான் சிக்கலும் பொய்யும் ஒருங்கே நுழைகின்றன. 2020இல் அறிமுகமான புதிய முறை, கழிவுகளில் பெரும்பாலானவற்றை நீக்கி வீதங்களைத் தாழ்த்தியது. மெய்யாகவே வாடகை கொடுப்போர்க்கு இதனால் இழப்புண்டு. வரிக்கு அஞ்சிச் சேமித்த வைப்பு நிதிதான் நம்மில் பலருக்குப் பெண்ணின் கல்லூரிச் செலவுக்கு உதவியது. அந்தத் தூண்டுகோலும் போயிற்று. 2025ஆம் ஆண்டுச் சட்டமோ 819 பிரிவுகளை 536 ஆக்கி, 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்னும் இரட்டைக் குழப்பத்தை 'வரி ஆண்டு' என ஒன்றாக்கியது. இதற்கு இத்தனை காலம் வேண்டியிருந்தது!

இன்னொன்றும் உண்டு. 2025-26ஆம் நிதியாண்டுக்கான புதிய முறையில், 9 லட்சம் சம்பளம் பெறும் எழுத்தர், நிலைக்கழிவு 75,000 போக, வரி 22,500 ரூபாய் என்று கணக்கிட்டு, அடுத்த வரியிலேயே முழுதும் தள்ளுபடி என்று எழுதுகிறார். சம்பளம் 12.75 லட்சம் வரை இதே நிலைதான். மகிழ்ச்சியே, எனினும் நெஞ்சு முற்றும் ஒப்பவில்லை. நம் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மையாரும் சோப்பும் செருப்பும் வாங்கும்போது வரி செலுத்துகிறார். அவருக்குத் தள்ளுபடி எழுதுவார் இல்லை. அந்த 22,500இல் பாதியேனும் நம்மிடம் கேட்டிருக்கலாம் என்றால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். இல்லத்தரசி சிரிக்கவும் இல்லை.

புதிய முறைக்கு மாறிய ஆண்டில், தை பிறந்ததும் மாமனார் வழக்கம்போல் பேனாவுடன் வந்து, "எங்கே மாப்பிள்ளை, ரசீது?" என்றார். இனி வேண்டியதில்லை என்றோம். எஞ்சியிருந்த ஸ்டாம்புகள் இரண்டை மகள் எடுத்துத் தன் நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிக்கொண்டாள்.