உறங்கும் வேளையில் நடக்கும் வியாபாரம்

ஒரு சந்தையில் மலிவாக வாங்கி, மற்றொரு சந்தையில் கூடுதல் விலைக்கு விற்று லாபம் காண்பது மனிதன் அறிந்த மிகப் பழைய தொழில். இன்று அதே தொழில் கம்ப்யூட்டருக்குள் நடக்கிறது. பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களை விற்கும் சந்தைகள் பல உள்ளன. ஒரே நாணயத்துக்கு ஒரே நொடியில் இரண்டு சந்தைகளில் இரண்டு விலை இருப்பதுண்டு. அந்த வித்தியாசத்தைக் கண்டதும், இங்கே வாங்கி அங்கே விற்கும்படி எழுதி வைக்கப்பட்ட கம்ப்யூட்டர் நிரலைத்தான் ‘பாட்’ என்கிறார்கள். வீட்டார் உறங்கினாலும் அது உறங்குவதில்லை.

இப்படி வரும் வருமானம் ஹலாலா என்று நம் வாலிபர்கள் கேட்கிறார்கள். நம் வீட்டு உலையில் வேகும் அரிசி எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றிய கேள்வி இது. எனவே ஒரே சொல்லில் முடித்துவிடலாகாது.

முதலாவதாக, நாணயத்தைப் பற்றியே உலமாக்களிடம் கருத்து வேற்றுமை உண்டு. எகிப்தின் தாருல் இஃப்தா 2018-இல் பிட்காயின் கொடுக்கல் வாங்கல் கூடாதென்று தீர்ப்பளித்தது. மலேசியப் பங்குச் சந்தை ஆணையத்தின் ஷரீஅத் ஆலோசனைக் குழு 2020-இல், பதிவு பெற்ற சந்தைகளில் நிபந்தனைகளோடு ஆகும் என்றது. இந்தோனேசிய உலமா சபை 2021-இல், பணமாகப் பயன்படுத்துவது ஹராம் என்றது. கூடாது என்போரைப் பின்பற்றுபவருக்கு மஸ்அலா இங்கேயே முடிந்துவிட்டது. ஆகும் என்போரைப் பின்பற்றுபவருக்குத்தான் அடுத்த கேள்விகள்.

விலை வித்தியாசத்தால் வரும் லாபம் குற்றமா? இல்லை. உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தீனாரைக் கொடுத்து ஓர் ஆடு வாங்கி வரச் சொன்னார்கள். அவர் அதற்கு இரண்டு ஆடுகளை வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்றுவிட்டு, ஆட்டையும் தீனாரையும் கொண்டு வந்து ஒப்படைத்தார். நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கண்டிக்கவில்லை. அவருடைய வியாபாரத்தில் பரக்கத் உண்டாக துஆச் செய்தார்கள்.

ஆனால் ஊருக்கு வெளியே சென்று வணிகக் கூட்டத்தாரை வழிமறித்து, சந்தை விலையை அவர்கள் அறியுமுன் சரக்கை வாங்குவதை மார்க்கம் தடுத்திருக்கிறது. உர்வா (ரலி) சந்தைக்குள் நின்று வாங்கினார். வழிமறிப்பவனோ பிறருடைய அறியாமையை வாங்குகிறான். இந்த வேற்றுமை பாட்டுக்கும் பொருந்தும். இரு சந்தைகளிலும் விலை எல்லோர் கண்ணெதிரிலும் இருக்க, விரைந்து வாங்கி விற்பது ஒரு வகை. எத்தீரியம் போன்ற தளங்களில், இன்னொருவர் வாங்குவதற்கு அனுப்பிய உத்தரவு நிறைவேறக் காத்திருக்கும்போது, அதைப் பார்த்துவிட்டு முந்திக்கொண்டு வாங்கி, விலையை ஏற்றி, அவர் வாங்கியவுடன் விற்றுவிடும் பாட்டுகளும் உள்ளன. இது வேறு வகை. அங்கே லாபம் என்பது அவருடைய பையிலிருந்து எடுக்கப்பட்டதே. பெயர் ஒன்றாயினும் சட்டம் ஒன்றல்ல.

அடுத்தது கைவசம் பற்றியது. தன்னிடம் இல்லாததை விற்கக் கூடாதென்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். பிட்காயினை ஒரு சந்தையிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பினால், ஒரு பதிவு ஏறவே சுமார் 10 நிமிடம் ஆகும். அதற்குள் விலை மாறிவிடும். ஆகவே இத்தொழிலில் ஈடுபடுபவர்கள் ஒரு சந்தையில் பணத்தையும் மற்றொன்றில் நாணயத்தையும் முன்கூட்டியே வைத்திருந்து, இங்கே வாங்கும் அதே நொடியில் அங்கே விற்கிறார்கள். விற்கப்படுவது தன் சொந்த இருப்பு. இதில் அந்தத் தடை வராது. ஆனால் சந்தையிடம் வட்டிக்குக் கடன் வாங்கி விற்பதும், இல்லாத நாணயத்தை விற்பதும் இந்த அனுமதியில் சேரா.

இனி இயந்திரம். பாட்டு செய்யும் தவறு யாரைச் சேரும்? வக்கீலாக நியமிக்கப்படுபவனுக்கு அறிவு வேண்டும், இயந்திரத்துக்கு அறிவில்லை. அது கையிலுள்ள தராசைப் போன்றது. தராசு பொய் சொன்னால் பாவம் பிடித்திருப்பவனுக்கே. பழக்கப்பட்ட வேட்டை நாயைப் பற்றி அதிய்யு இப்னு ஹாதிம் (ரலி) அவர்கள் கேட்டபோது, அல்லாஹ்வின் பெயர் கூறி அனுப்பினால் அது பிடித்ததை உண்ணலாம் என்றும், வேறு நாயும் உடன் கலந்திருந்தால் உண்ண வேண்டாம் என்றும் நாயகம் (ஸல்) விளக்கினார்கள். கண்ணுக்கெட்டாத தூரத்தில் நடந்தாலும், எதை அனுப்பினோம், என்ன பழக்கினோம் என்பது அனுப்பியவனின் பொறுப்பு. 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் நைட் கேப்பிடல் நிறுவனத்தின் பங்கு வியாபார நிரல், பிழையினால் சுமார் 45 நிமிடத்தில் ஏறத்தாழ 44 கோடி டாலர் நஷ்டம் விளைவித்தது. இயந்திரத்தை யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை.

தானே நிரல் எழுதத் தெரியாதவர், பாட்டு நடத்துகிறோம் என்பவரிடம் பணத்தைக் கொடுப்பது இன்னும் ஆபத்து. பிட்கனெக்ட் என்ற நிறுவனம் தன்னிடம் அப்படியொரு வியாபார நிரல் இருப்பதாகக் கூறி உலகெங்கும் பணம் திரட்டி, 2018 ஜனவரியில் சரிந்தது. பின்னால் வந்தவர் பணத்தை முன்னால் வந்தவருக்குக் கொடுத்ததே அங்கே நடந்ததென்று அமெரிக்க அரசு வழக்குத் தொடர்ந்தது. லாபம் இவ்வளவு என்று முன்பே உறுதி கூறுபவர் வியாபாரத்தில் கூட்டுச் சேர்க்கவில்லை. வட்டிக்கோ மோசடிக்கோ அழைக்கிறார். தாயாரின் நகையை அடகு வைத்து அதில் இறங்குவது அறிவுடைமையாகாது.

எனவே, நாணயம் ஆகும் என்போரின் கருத்தை ஏற்றவர், சொந்தப் பணத்தில், சொந்த இருப்பை, திறந்த விலைக்கு, கடனும் வட்டியும் கலக்காமல் விற்றால், இயந்திரம் விற்றது என்பதால் மட்டும் அது ஹராமாகிவிடாது. உறங்கும்போது வந்தது என்பதும் குறையல்ல. விதைத்தவன் உறங்கும்போதும் பயிர் வளரத்தான் செய்கிறது. ஆனால் உழவன் என்ன விதைத்தான் என்பது அவனுக்குத் தெரியும். தன் பாட்டு யாரிடம் வாங்கி, எதை, எப்படி விற்கிறது என்று சொல்ல முடியாதவர், அதைச் சொல்ல முடிகிற வரை நிறுத்தி வைப்பதே பேணுதல்.

நமது உணவையும் உழைப்பையும் அல்லாஹுத்தஆலா தூய்மையாக்கி வைப்பானாக. ஆமீன்.