பிணி தீர்க்கும் பணியும் ஒற்றுமையின் அறமும்

கொள்கையால் வேறுபட்டோர் ஒன்றுபட்டுப் பணியாற்றுதற்கு ஒருமித்த நம்பிக்கை முதலில் வேண்டுமா, அன்றி ஒருமித்த கடமையே போதுமா? இவ்வினாவை வெறுங் கருத்துநிலையில் ஆராய்வதிலும் வரலாற்று நிகழ்ச்சியொன்றின் வழி நோக்குதல் பயன் தரும். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வரலாறு இதற்கு ஏற்றதாகும்.

இக்கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் பாட்டனார் ஜோன் ஸ்கடர், அமெரிக்க மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பிற் பணிபுரிந்து, 1836இல் சென்னைக்குச் சென்றவர். மிஷனரி வாழ்வை விரும்பாதிருந்த ஐடா, திண்டிவனத்தில் ஒரே இரவில் ஒரு பிராமணரும் ஒரு முஸ்லிமும் ஒரு முதலியாரும் தத்தம் மனைவியரின் பிரசவத்துக்கு உதவி வேண்டி வந்தமையைக் கண்டார். ஆண் வைத்தியரான அவர் தந்தையை ஏற்க அவர்தம் மரபு இடந்தரவில்லை. மூன்று பெண்களும் இறந்தனர். அவ்விரவே ஐடாவை வைத்தியராக்கியது.

1918இல் அவர் தொடங்கிய மகளிர் மருத்துவப் பள்ளி, பல மிஷன்களின் கூட்டு முயற்சியாக அமைந்து, 'ஐக்கிய மிஷன்' என்ற பெயரையும் தாங்கியது. மூவர் விண்ணப்பித்தாலே பெரிது என்று எச்சரிக்கப்பட்டபோதும் 151 பெண்கள் விண்ணப்பித்தனர். இதற்கு மறு ஆண்டிலேயே, 1919இல், திருச்சபைகளின் இணைப்புக்கான பேச்சு தரங்கம்பாடியில் தொடங்கியது. பேராயர் பதவி பற்றிய கருத்துவேறுபாடு முதலியவற்றால் அது நீண்டு, 1947இலேயே தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. யாழ்ப்பாண ஆதீனமும் அதில் ஓர் அங்கமாயிற்று. கொள்கையில் ஒன்றுபட 28 ஆண்டுகள் சென்றன. பிரசவ வேதனையிற் கிடந்தவளுக்கோ 28 மணிநேரமும் இருக்கவில்லை. ஆகவே, கடமை நம்பிக்கையின் ஒருமைப்பாட்டுக்காகக் காத்திருக்கவில்லை என்பது தெளிவு.

தனித்து ஒரு மிஷனாற் செலவைத் தாங்க இயலாமையே இவ்வொற்றுமைக்குக் காரணம், இதில் அறம் எங்கே எனச் சிலர் வினவலாம். தேவையே அவர்களை ஓரிடத்திற் கூட்டியதெனக் கொள்வோம். எனினும், கூடியவர்கள் எதனை விட்டுக்கொடுப்பது என்பதைத் தேவை மட்டும் தீர்மானிப்பதில்லை. அன்றியும், சபைகள் போட்டியிடுமிடத்து நோயாளி ஒரு கணக்காகின்றான். அவனைத் தன் சபைக்குரியவனாக எண்ணும் ஆசை எழுகின்றது. பல சபைகள் சேர்ந்து நடத்தும் வைத்தியசாலையில் அவனை எவரும் தமக்கே உரியவனாக எண்ணுதல் அரிது. ஆசை முற்றாக அற்றுவிடுமெனல் மிகை. ஆயினும் அதற்கு ஒரு கடிவாளம் இடப்படுகின்றது. மனிதனை வெறுங் கருவியாக மட்டும் கொள்ளாது எப்போதும் முடிவாகவும் கொள்ளல் வேண்டுமென்ற கான்ற் என்னும் மெய்யியலாளரின் கொள்கை ஈண்டு நினைக்கற்பாலது.

ஒற்றுமைக்கு விலையும் உண்டு. பள்ளியைப் பட்டம் வழங்கும் கல்லூரியாக உயர்த்தவேண்டிய நெருக்கடியின்போது, அதனைத் தாங்கப் பரந்த ஆதரவு தேவைப்பட்டது. அதன் விளைவாக 1947இல் ஆண்களும் அனுமதிக்கப்பட்டனர். பெண்களின் மருத்துவக் கல்விக்கெனவே பொருள் திரட்டித் தந்த அமெரிக்க ஆதரவாளர் சிலர் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். அவர்களது மனக்குறையை எளிதிற் புறக்கணித்தல் தகாது. இடம் இழந்தவர்கள் ஏற்கெனவே இடமற்றிருந்த பெண்களல்லரா? மறுபுறம், கல்லூரியே மூடப்பட்டிருப்பின் பெண்களுக்கும் நோயாளருக்கும் எஞ்சுவது யாது?

எனவே, ஒத்துழைப்பு என்ற பெயர் மட்டும் ஒரு செயலை அறமாக்கிவிடாது. தனது பெருமையையும் உரிமையையும் விட்டுக்கொடுப்பவன் அறஞ் செய்கிறான். எளியவரின் பங்கை விட்டுக்கொடுப்பவன் பிறர் பொருளைத் தானம் செய்கிறான். வேலூரில் இவ்விரண்டும் கலந்தே இருந்தன. கூடிச் செய்யும் எப்பணியிலும், நாம் கொடுப்பது யாருடையது என்ற வினாவை முதலில் எழுப்புவோமாக. திண்டிவனத்தில் இறந்த மூன்று பெண்களும் எம்மிடம் வேண்டுவது அதுவேயாகும்.