எச்சம்

தமிழில் 'எச்சம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, காக்கை நம் சட்டைமீது போட்டுவிட்டுப் போவது. மற்றொன்று, மனிதன் உலகில் விட்டுவிட்டுப் போவது. இரண்டும் ஒன்றாகவே அமைந்துவிட்ட ஒரு பிராணியைப் பற்றிப் படித்தேன். அன்று முதல் மனம் ஒரு கேள்வியில் சிக்கிக்கொண்டு கிடக்கிறது.

அதன் பெயர் சால்ப். கட்டைவிரல் அளவில், கண்ணாடிக் குழாய் போன்ற உடம்பு. கடலில் மிதந்து திரிகிறது. உடம்பின் வழியே நீரை இழுத்து வெளியே தள்ளி நகர்கிறது. நீரோடு வருகிற நுண்ணிய பாசியை வடிகட்டித் தின்கிறது. அந்தப் பாசியோ, காற்றிலிருந்து கடலில் கரைந்த கரியமில வாயுவைக் கொண்டு வளர்ந்தது. சால்ப் தின்றது போக மிஞ்சியது கெட்டியான எச்சமாக வெளியேறி, நாளொன்றுக்கு ஆயிரம் மீட்டர் வரைகூட இறங்கிவிடுகிறது. அத்தனை ஆழத்துக்குப் போன கரி மீண்டும் மேலே வர நூற்றாண்டுகள் ஆகும். அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக்கில் ஒரு லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் பெருகிக் கிடந்த ஒரு சால்ப் கூட்டத்தைப் பற்றி லாரி மேடின், பாட்ரிசியா கிரெமர் முதலியோர் 2006-இல் கணக்கு வெளியிட்டார்கள். நாளொன்றுக்கு 4,000 டன் கரி வரை அது ஆழத்துக்கு அனுப்பியதாம்!

இதைப் புண்ணியம் என்பதா? கதை எழுதுகிறவனுக்கு நோக்கம்தான் மூலதனம். ஒருவன் பிச்சைக்காரனுக்குக் காசு போட்டால், ஏன் போட்டான் என்று துருவாமல் எனக்குத் தூக்கம் வராது. சால்பிடம் துருவ ஒன்றுமில்லை. அதற்குப் பசி; அவ்வளவுதான். நோக்கமில்லாத நன்மைக்கு நன்றி எதற்கு என்று தள்ளிவிட்டேன்.

தள்ளிய பிறகுதான் வம்பு. அடுப்பு மூட்டுகிறவளும் பஸ் ஏறுகிறவனும் உலகைச் சூடாக்க வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை. 'வேண்டுமென்றா செய்தோம்?' என்று கேட்டுவிடுகிறோம். அறியாமல் செய்கிற சால்புக்குப் புகழ் இல்லையென்றால், அறியாமல் செய்த நமக்குப் பழியும் இல்லை. தராசு நேராகத்தான் நிற்கிறது.

ஆனால், நமக்குத் தெரிந்துவிட்டதே! எழுதுகிற நானும் படிக்கிற நீங்களும் இனி அந்தத் தட்டில் ஏறி உட்கார முடியாது. சால்ப் பார்த்துக்கொள்ளும் என்று சாய்ந்துகொள்ளவும் வழியில்லை. நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவுமாக உலகம் எரிப்பதில் ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டன் கரி காற்றில் ஏறுகிறது. பென்சிலை எடுத்து வகுத்துப் பார்த்தேன். அந்தப் பெருங்கூட்டம் ஒரு நாள் முழுவதும் தின்று கீழே இறக்கியதை, நாம் 13 விநாடிக்குள் மேலே அனுப்பிவிடுகிறோம்.