எவருக்கு விடுதலை?

விடுதலை! அடிமைப்பட்டோர் நெஞ்சில் அனலையும் கண்ணில் ஒளியையும் ஏற்றும் சொல். அச்சொல் சார்பதிவாளர் அலுவலகத்திலும் வழங்குகிறது என்பதை நம்மில் எத்துணைப் பேர் எண்ணிப் பார்த்தோம்? பிறந்த வீட்டுச் சொத்தில் தன் பங்கு வேண்டாமென்று பெண்ணொருத்தி எழுதிக் கொடுப்பதற்கு 'விடுதலைப் பத்திரம்' என்று பெயர். விடுதலை பெறுவது யார்? பெண்ணன்று, நிலம்! அவளுடைய உரிமையிலிருந்து நிலம் விடுபடுகிறது.

சட்டச் சொற்கள் எங்கும் இப்படித்தானா? இல்லை. ஸ்காட்லாந்தின் பழஞ்சட்டம் துப்புரைப்போனை 'டிலேட்டர்' என்றும், வாரிசுரிமையைக் கைவிடுதலை 'ரெனன்சியேஷன்', அதாவது துறத்தல் என்றும் அழைத்தது. செயலைச் செயலாகவே காட்டிய சொற்கள் அவை. நாமோ இழப்புக்கு விடுதலை என்று முடிசூட்டுகிறோம்!

நீதிமன்றத்தில் இன்னொரு விடுதலையும் உண்டு. குற்றத்தில் பங்குகொண்டவன், அறிந்த உண்மை முழுவதையும் உரைக்க ஒப்பினால், அவனுக்கு நிபந்தனையுடன் மன்னிப்பு வழங்கப்படுகிறது. 'அப்ரூவர்' என்பர் அவனை. குற்றம் செய்தவன் வாய் திறந்து விடுதலை பெறுகிறான். குற்றமறியாப் பெண்ணோ வாய் மூடி 'விடுதலை' தருகிறாள்! அவள் வாய் திறந்தால்? 'குடும்பத்தைக் காட்டிக் கொடுத்தவள்' என்று ஊர் தூற்றுகிறது.

சேலம், நாமக்கல் சமவெளியைப் பாருங்கள். பரமத்தி வேலூர்ப் பக்கத்துக் காவிரிக்கரை வாழைத் தோட்டமாயினும், ஆத்தூர்ப் பக்கத்து மரவள்ளிக் காடாயினும், பேச்சு ஒன்றே: "நகை போட்டோம், சீர் செய்தோம், இன்னும் என்ன பங்கு?"

பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென 1929-ல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு முழங்கியது. அறுபதாண்டு கழித்து, கலைஞர் ஆட்சி கொணர்ந்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு அளித்தது. அதற்குமுன் மணமானோர்க்கு அது எட்டவில்லை. 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேலியையும் அகற்றியது. அவ்வுரிமை பிறப்பால் வருவதென்று 2020-ல் உச்சநீதிமன்றமும் உறுதி செய்தது. சட்டம் கொடுத்தது, சம்பிரதாயம் எழுதி வாங்கிக் கொள்கிறது!

"மனமுவந்துதானே கொடுத்தாள்?" என்பர். கொடை உயர்ந்தது, மறுப்பார் யார்? ஆனால் கொடுக்கும் பொருள் முதலில் கையில் இருக்க வேண்டுமன்றோ! கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும் என்ற அச்சத்தில் இடும் கையெழுத்து கொடையாகுமா? 'பிறர் தூண்டுதலின்றி' என்று பத்திரத்தில் எழுதிவிட்டால் தூண்டுதல் இல்லாமற் போய்விடுமா? வற்புறுத்திப் பெற்ற பத்திரத்தை ரத்துச் செய்ய வழக்கிடலாம். அதற்கும் காலவரம்பு மூன்றாண்டு. உடன்பிறந்தான்மீது அதற்குள் வழக்கிடத் துணிவோர் எத்தனை பேர்?

ஆகவே நாம் கூறுவது இது: முதலில் அவள் பங்கைப் பிரித்து, அவள் பெயரில் பட்டா ஆகட்டும். விளைச்சலின் பயனை அவள் காணட்டும். பின்னர், தம்பிக்குத் தர விரும்பினால் தரட்டும். அன்று அது கொடை. இன்று நடப்பது பறிப்பு. பறிப்புக்கு விடுதலை என்ற பெயர் எதற்கு? 'உரிமை இழப்புப் பத்திரம்' என்று தலைப்பிட்டு எழுதுங்கள். பெயர் உண்மை பேசினால், கையெழுத்திடும் கை ஒரு கணமேனும் தயங்கும். வாங்கும் கையும் கூசும்!