கொல்லைப் புல்லும் கொல்லா நெறியும்

புல்லும் உயிரே என்பது ஜினதர்மத்தின் அடிப்படை. தொல்காப்பிய மரபியலும் புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர்களாக வகுத்துள்ளது. அவ்வாறாயின், புதர் மண்டிய கொல்லையை உடைய சிராவகன் என் செய்வான்? புல்வெட்டும் இயந்திரம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை எமக்கு நேர்ந்தது. கடைக்காரரிடம் கேட்டு முடிக்கக்கூடிய செய்தி என்றே முதலில் எண்ணினோம். பின்னர் அதுவே அறவினாவாகி எதிரே நின்றது.

திருவிடைமருதூரின் பழைய வீடுகள் பலவற்றிற்கு வாயில் குறுகியது, கொல்லை நீண்டது. எங்கள் கொல்லை ஒரு மா. அதாவது நூறு குழி, ஏறத்தாழ 33 சென்ட். வீட்டில் பசு இருந்த நாளில் அங்கே புல் முழங்காலைத் தாண்டியதில்லை. நாள்தோறும் ஒரு கட்டு கருக்கரிவாளால் அறுக்கப்பட்டது. பின்னர்ப் பசு போயிற்று. வீடும் சில ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. காவிரிப் படுகை மண்ணுக்கு ஐப்பசி, கார்த்திகை மழை போதாதா? கோரையும் நாயுருவியும் இடுப்பளவு உயர்ந்தன. கிணற்றடிக்குச் செல்லும் முதிய தாயார் பாம்புக்கு அஞ்சலானார்.

ஆள் அமர்த்தினோம். பரப்புக்கு இவ்வளவு என்று கூலி பேசினோம். தோளில் மாட்டிய இயந்திரத்துடன் வந்தவர் நண்பகலுக்குள் வேலையை முடித்துவிட்டார். மாலையில் வெட்டிய புல்லைக் குவித்தபோதுதான் கண்டோம்: துண்டுபட்ட தவளைகள், அரணை ஒன்று, சிதைந்த சிறு கூடு, உடைந்த முட்டைகள். வெட்டியவரை நொந்து பயனில்லை. விரைந்து முடிக்குமாறு கூலி பேசியவர்கள் யாமே அல்லவா?

செய்தல், செய்வித்தல், செய்தாரை உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக்கு வாயில் என்பது நம் ஆகமம். எனவே, ‘ஆளைக் கொண்டு வெட்டினேன், எனக்குப் பங்கில்லை’ என்று ஒதுங்க வழியில்லை. இம்சையை சங்கல்பி, ஆரம்பி, உத்யோகி, விரோதி என நான்காகப் பகுத்துள்ளனர். இல்லறத்தான் முற்றும் நீக்க வேண்டியது, கொல்லும் கருத்தோடு செய்யும் சங்கல்பி. வீடு வாசலைப் பேணுவதில் நேரும் ஆரம்பியை அவனால் முற்றும் நீக்க இயலாது; இயன்றவரை குறைத்தல் கடன். கவனமின்மையாகிய பிரமாதத்தால் உயிருக்கு ஊறு செய்வதே இம்சை எனத் தத்வார்த்த சூத்திரம் உரைப்பதையும் இங்கே எண்ண வேண்டும்.

அப்படியானால் எங்கள் பிரமாதம் எந்த நாளில் தொடங்கியது? இயந்திரம் முழங்கிய நாளிலா? அன்று, கொல்லையைப் பாராமல் விட்ட நாளிலேயே தொடங்கிவிட்டது. வெட்டாது விட்டதை அகிம்சை என்று சிலர் கூறக்கூடும். என்றேனும் வெட்டியே தீரவேண்டிய வீட்டுக் கொல்லையில் அது பொருந்தாது. புல்லை வளரவிட்டுத் தவளைக்கும் குருவிக்கும் குடியிருப்பாக்கி, குடிபுகுந்த பின் சுழலும் இரும்பை ஏவுவது இரட்டைக் கொடுமை. குட்டையாக இருக்கும்போதே அடிக்கடி அறுப்பின் ஓரறிவு உயிரோடு இம்சை பெரும்பாலும் நின்றுவிடும். காலந்தாழ்த்தின் ஐயறிவு உயிர்வரை ஏறும்.

இனி, கருவிகளைக் காண்போம். சக்கரத்தில் தள்ளும் சுழல்தகட்டு இயந்திரம் சமமான, குட்டையான புல்தரைக்கே உரியது. இடுப்பளவுப் புதரில் அது திணறி நிற்கும். மேலும், மூடிய தகட்டின் அடியில் அகப்படுவதைத் தள்ளுபவர் காண இயலாது. இரு பல்வரிசைகள் உரசி, முடிதிருத்துவோரின் மிஷினைப் போல வெட்டும் வகை உண்டு. சுழன்று அடித்துச் சிதைப்பவற்றைவிட இதனால் சிற்றுயிர்களுக்கு ஊறு குறைவு. ஆயினும் கிணறும் மரமும் மேடுபள்ளமும் உள்ள கொல்லைக்குள் அதைத் திருப்புவது கடினம். எஞ்சுவது தோளில் மாட்டும் பிரஷ் கட்டர். இதில் நைலான் நரம்பும் பூட்டலாம். இரும்புத் தகடும் பூட்டலாம். நரம்பு முறையை 1971இல் அமெரிக்கரான ஜார்ஜ் பல்லாஸ் உருவாக்கியது, மரப்பட்டை காயமுறாமல் அடிப்புல்லை வெட்டவே. ஆனால் நரம்பு தேயத் தேய பிளாஸ்டிக் துகள் மண்ணில் சேரும். தடித்த தண்டுகளையும் அது அறுக்காது.

யாம் தேர்ந்தது நான்கு ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர். எண்ணெய் கலந்த பெட்ரோலில் ஒரு பகுதியை எரிக்காமலே வெளிவிடும் இரண்டு ஸ்ட்ரோக்கைவிட இதில் புகை குறைவு. ஆயினும் தலையாய காரணம் வேறு: எவ்வளவு உயரத்தில் வெட்டுவது, எங்கே நிறுத்துவது என்பன பிடித்தவர் கையிலேயே உள்ளன. நம் முனிவர்கள் ஈர்யா சமிதியால் நான்கு முழத் தொலைவு நிலத்தை நோக்கி அடிவைப்பர். கண் முன்செல்ல, கத்தி பின்செல்ல இடந்தரும் கருவியே சிராவகனுக்கு ஏற்றது.

கருவியினும் முறை பெரிது. முதலில் கோலால் தட்டிக்கொண்டு கொல்லை முழுதும் நடக்கிறோம். கூடு கண்ட இடத்தைச் சுற்றி விட்டுவிடுகிறோம். முதல் வெட்டு ஒரு சாண் உயரத்தில். மறுநாளே தாழ்ந்த வெட்டு. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் தரையில் கூடு கட்டும் கார்ன்கிரேக் பறவையைக் காக்க, வயலின் நடுவிலிருந்து வெளிநோக்கி அறுக்குமாறு உழவர்களுக்கு அறிவுறுத்துகின்றனர். ஓரத்திலிருந்து உள்நோக்கி அறுப்பின் உயிர்கள் நடுவே சிக்கிக்கொள்ளும். அம்முறையையே யாமும் கொண்டு, வேலியோரத்தில் இரண்டு முழம் வெட்டாமல் விடுகிறோம். கூலியைப் பரப்புக்கு அன்றி நாளுக்குப் பேசுகிறோம். செலவு கூடுகிறது, விரைவுக்குக் கொடுத்த பணத்தை இப்போது கவனத்துக்குக் கொடுக்கிறோம். தீ வைப்பதையும் களைக்கொல்லி தெளிப்பதையும் எண்ணவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாதவற்றையும் அவை விடா.

இறுதியாக ஒன்று. அண்டை வீட்டார் இயந்திரத்தை இரவல் கேட்டனர். சமந்தபத்திரர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் அநர்த்த தண்டம் ஐந்தைக் கூறுகிறார். கொலைக்கருவிகளைப் பிறர்க்குத் தரும் இம்சாதானம் அவற்றுள் ஒன்று. பயனின்றிச் செடிகொடிகளை அறுப்பது பிரமாத சரியையுள் அடங்கும். இரவல் மறுத்தால் அண்டையன்பு கெடும். வெறுமனே கொடுத்தால் விரதம் குறையும். ஆகவே, முறையறிந்த ஆளையும் உடன் அனுப்புவதென முடிவு செய்தோம்.

இன்றும் வெட்டியபின் ஒரு தவளையேனும் அடிபட்டுக் கிடக்கும் நாள் உண்டு. அன்றிரவு பிரதிக்கிரமணத்தில் அதுவும் இடம்பெறும். குற்றமே இல்லாத இயந்திரம் எந்தக் கடையிலும் இல்லை. குற்றம் குறைய வாழும் வழி உண்டு; அது புல் குட்டையாக இருக்கும்போதே கொல்லைக்குச் செல்வதில் தொடங்குகிறது.