சம்மதம் மட்டும் மணமாகுமா?

மணம் என்பது இருவர் மனமொப்பி நடப்பதாயிருத்தல் வேண்டும் என்பது அறிவுடையோர் ஒப்பும் கொள்கை. பெண்ணைக் கேளாமலே பெண்ணைக் கொடுக்கும் வழக்கத்தைக் கண்டியாத சீர்திருத்தக்காரர் இலர். ஆயின், சம்மதம் ஒன்று கிடைத்துவிட்டால் அதனோடு நியாயம் முடிந்துவிடுமா? இக்கேள்வியை ஆராய நாம் எடுத்துக்கொள்ளும் கதை ஏட்டில் உள்ளதன்று, மேடையில் நடிக்கப்பெற்றதுமன்று. ஜப்பான் தேசத்து ஸ்குவேர் கம்பெனியார் 1997-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஃபைனல் ஃபேண்டஸி 7' என்னும் வீடியோ விளையாட்டில் வருவது. விளையாட்டுத்தானே என்று அன்பர்கள் தள்ளிவிட வேண்டாம். பிள்ளைகள் கண்விழித்து ஆடும் ஆட்டத்துள்ளும் அறம் பேசப்படுமாயின், அதனைக் கேட்பதில் இழிவொன்றுமில்லை.

கதை இது: ஷின்ரா என்னும் பெருங்கம்பெனி, நிலவுலகின் உயிராற்றலையே உறிஞ்சி விற்றுக் கொழுக்கிறது. அதன் விஞ்ஞானிகளுள் ஒருவன் ஹோஜோ. அவனோடு ஒரே ஆராய்ச்சியில் ஈடுபட்டவள் லுக்ரீசியா என்னும் கற்ற பெண். அக்கம்பெனியின் மறைப்பணியாளனாகிய வின்சென்ட் அவளை உள்ளன்போடு நேசித்தான். அவளோ ஹோஜோவைத் தேர்ந்தாள். அவள் கருவுற்றபோது, ஜெனோவா என்னும் வேற்றுலக உயிரின் அணுக்களைக் கருவிலிருந்த சிசுவின் உடலிற் செலுத்தினர். வின்சென்ட் தடுத்துப் பேசினான். இது உனக்குச் சம்பந்தமில்லாத காரியம் என்று விலக்கப்பட்டான். பின்னர் ஹோஜோ அவனைச் சுட்டு வீழ்த்தி, அவ்வுடலையும் தன் சோதனைக்குப் பொருளாக்கினான். பிறந்த ஆண் குழந்தையே செபிரோத். பெற்றவள் அவனை ஒருமுறையேனும் கையில் ஏந்த விடப்பட்டாளில்லை.

ஹோஜோ பைத்தியக்காரன், அவன் செயலில் ஆராய என்ன இருக்கிறது என்பர் சிலர். பைத்தியம் என்று பெயரிட்டுவிட்டால் நமக்கும் எளிது, அவனுக்கும் எளிது. அவன் செய்வது இன்னதென்று அறிந்தே செய்தான். அவனிடம் இல்லாதது அறிவன்று. மனைவியையும், சோதனைக்கு வைத்த குப்பியையும் ஒரே கண்ணாற் பார்த்தான். அதுவே அவன் குற்றம்.

இன்னொரு சாரார் கூறுவது சிறிது கடினமான வாதம். லுக்ரீசியா வயது வந்தவள், கற்றவள், அவளை எவரும் கட்டி இழுத்துச் செல்லவில்லை, அவளே சம்மதித்தாள் அன்றோ என்பர். உண்மையே. அவளைக் குற்றமற்றவள் என்று கதையும் கூறவில்லை. அவளும் தன்னை மன்னித்தாளில்லை. ஆயினும் 2006-ஆம் ஆண்டில் வெளிவந்த தொடர்கதையான 'டர்ஜ் ஆஃப் செர்பெரஸ்' ஒன்றைத் தெளிவாக்குகிறது. வின்சென்டின் தந்தை அவளைக் காக்கப்போய் உயிரிழந்தவர். அக்குற்றவுணர்ச்சியால் மகனை விட்டு விலகியே அவள் ஹோஜோவிடம் சென்றாள். துயரத்தினின்று தப்பி ஓடக் கண்ட வாயிலே அவளுக்கு மணமாயிற்று. 'ஆம்' என்ற சொல் அவள் வாயினின்றே வந்தது; ஆனால் அது அன்பினின்று வந்ததன்று.

சம்மதம் வீட்டின் வாயில், வீடு அன்று. வாயிலில் ஒருமுறை கேட்டுவிட்டு, உள்ளே வந்தபின் ஒருநாளும் கேளாதிருப்பவன் கணவனல்லன், எசமான். லுக்ரீசியா தன் குழந்தையைக் காண விரும்பியபோது ஹோஜோ மறுத்தான். அவள் முன்பு 'ஆம்' என்றது அவனுக்கு நினைவிருந்தது. இப்போது 'வேண்டும்' என்று அவள் அழுதது அவன் செவியில் ஏறவில்லை. திரும்பப் பெற இயலாத சம்மதத்திற்கு அடிமைச்சீட்டு என்பதே தக்க பெயர். அன்பின் வேலை யாதெனின், ஒருமுறை கேட்டதை நாடோறும் புதிதாகக் கேட்பது. விடை மாறினால் தன் எண்ணத்தையும் மாற்றிக்கொள்வது.

மற்றொன்றுமுண்டு. இருவர் சம்மதம் இருவரையே கட்டும். கருவிலிருந்த மூன்றாமவனை யார் கேட்டார்? பிள்ளை பெற்றோரின் உடைமையன்று. அவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. செபிரோத் தன் தாயின் பெயர் ஜெனோவா என்றே சொல்லி வளர்க்கப்பட்டான். நிபெல்ஹைம் என்னும் ஊரின் பழைய மாளிகையில், தன் பிறப்பின் குறிப்புகளை அவன் இரவுபகலாய்ப் படித்து, அவற்றையும் தவறாகவே உணர்ந்து, அவ்வூரையே எரித்தான். தகப்பனோ, நான் தான் அவன் தந்தையென்பதை அவன் அறியான் என்று சொல்லிச் சிரிக்கிறான்! அன்பில்லாத வீட்டின் தீ அவ்வீட்டோடு நிற்பதில்லை.

சாகவும் முடியாமல் அருவிக்குப் பின்னுள்ள குகையில் மறைந்திருந்த லுக்ரீசியாவை, பல்லாண்டுகள் கழித்து வின்சென்ட் காண்கிறான். என் மகன் உயிரோடிருக்கிறானா என்று அவள் கேட்கிறாள். இறந்துவிட்டான் என்று அவன் பொய் சொல்கிறான். மகனின் மரணச்செய்தியே தாய்க்குச் சொல்லத்தக்க ஆறுதலாய்விட்ட நிலையைக் காட்டிலும் கொடிது யாதுளது?

ஆகவே, அன்பர்களே, கட்டாய மணத்தை ஒழித்தோம் என்று மகிழ்வோம். மகிழ்ந்து அங்கேயே நின்றுவிட வேண்டாம். மணநாளில் 'சம்மதமா?' என்று கேட்டது நன்று. பத்தாண்டு கழிந்தபின், உழைத்துக் களைத்து வந்த மனைவியை நோக்கி, 'உன் விருப்பம் யாது?' என்று கேட்கும் வழக்கம் நம் வீட்டில் உண்டா? அக்கேள்விக்கு விடை கூறிய பின்னரே ஹோஜோவை நாம் பழிக்கலாம்.