பிற்காலத் தொழிலும் உள்ள மகிழ்வும்: ஓர் அறவியல் நோக்கு

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்னும் பழமொழி தமிழர் மத்தியிற் பெருவழக்குடையது. ஒழுக்கப் பயிற்சி இளமையிலேயே தொடங்குதல் வேண்டும் என வற்புறுத்த எழுந்த அது, காலப்போக்கிற் கல்விக்கும் தொழிலுக்குமுரிய விதியாகவே கொள்ளப்படலாயிற்று. இருபது வயதில் அமைந்த உத்தியோகத்தில் இளைப்பாறும்வரை இருத்தலே முறை என்றும், இடைவயதில் வேறு தொழிலை நாடுவோர் நிலையற்ற மனத்தினர் என்றும் கருதும் போக்கு இதன் வழிவந்ததே. கணினித்துறை இளைஞருக்கே உரியது என்னும் எண்ணம் அப்போக்கை மேலும் வலுப்படுத்தியுள்ளது. இந்நிலையில், நாற்பதை அண்மித்த அல்லது கடந்த ஒருவர், தாம் மகிழ்ந்து செய்யத்தக்க தொழிலை அத்துறையில் நாடுவது அறத்தின்பாற்படுமா, அன்றித் தன்னல விழைவு மட்டுந்தானா என்பது ஆராயத்தக்கது.

இத்தகைய மாற்றத்தை ஐயத்துடன் நோக்குவோரின் வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. நடுவயதினர் தனியர் அல்லர். பிள்ளைகளின் கல்வி, முதிய பெற்றோரின் பராமரிப்பு, பட்ட கடன் ஆகியன அவர்தம் ஊதியத்தையே நம்பியுள்ளன. ஒருவரது மனநிறைவின் பொருட்டு அவரைச் சார்ந்தோர் பசித்திருத்தல் அறமாகாது. எனினும், இவ்வாதம் மகிழ்ச்சியை ஒரு நுகர்பொருளாகவே கொள்கிறது. அரிஸ்ரோட்டில் தமது 'நிக்கோமாக்கிய அறவியல்' நூலின் பத்தாம் பகுதியில் இன்பத்தை வேறு வகையாக விளக்குகிறார். நன்னிலையிலுள்ள ஆற்றல் தனக்குத் தகுந்த பொருளின்மீது தொழிற்படும்போது, அச்செயலை நிறைவுறச் செய்வதே இன்பம் என்பது அவர் கருத்து. அறத்திற்கு இன்பத்தை அடிப்படையாகக் கொள்ள மறுத்த கான்ற் கூட, இயல்பாயமைந்த திறன்களைத் துருப்பிடிக்க விடுதல் கடமைக்கு முரணானது என்றார். இவ்விரு கருத்துக்களையும் இணைத்து நோக்குமிடத்து, தொழிலில் எய்தும் மகிழ்வு ஒருவரது ஆற்றல் வீண்போகவில்லை என்பதற்கு அறிகுறியாகிறது.

ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த கிறேஸ் ஹொப்பரின் வாழ்வு இதற்குத் தக்க சான்றாகும். 1906 இற் பிறந்த அவர் வாசர் கல்லூரியிற் கணிதம் கற்பித்தவர். 1943 இற் கடற்படையின் சேமப் பிரிவிற் சேர்ந்து, 1944 இல் ஹாவாட் பல்கலைக்கழகத்திலிருந்த மார்க் 1 பொறியில் பணியாற்ற அனுப்பப்பட்டபோது அவருக்கு வயது 37. இளமையில் அவர் கற்றிருக்கக்கூடிய கணினி எதுவும் இருக்கவில்லை. ஆயத்தமாகவுள்ள கட்டளைத் தொகுதிகளைப் பொறி தானே ஒன்றுசேர்த்துக்கொள்ளச் செய்யும் நிரலை அவர் 1952 அளவில் உருவாக்கினார். சாதாரண ஆங்கிலச் சொற்களாலேயே பொறிக்குக் கட்டளையிடலாம் என்று பின்னர் வாதாடினார். கடினமானதைக் கற்போருக்கு எளிதாக்கும் ஆசிரியரின் மனப்பாங்கே இவ்வாதத்திற் புலப்படுகிறது எனலாம். 1986 இற் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றபோது அவர் 79 வயதினர். முந்திய தொழில் பிந்திய தொழிலுக்கு உரமாகலாம் என்பதும், இழந்த காலமென அதனை எண்ண வேண்டியதில்லை என்பதும் இதனாற் பெறப்படும்.

ஆயின், ஹொப்பர் புகுந்த வேளையில் அத்துறையில் அனைவரும் புதியவர்களே. வாய்ப்புக் குறுகிய இடத்தில் நேர்ந்ததை டொரதி வோனின் வரலாறு காட்டுகிறது. 1910 இற் பிறந்த இக்கறுப்பினப் பெண்மணி, வேர்ஜீனியா மாநிலத்திற் கணித ஆசிரியராயிருந்து, 1943 இல் லாங்லி வானூர்தி ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். அக்காலத்தில் 'கம்பியூட்டர்' என்பது கணக்கிடும் மனிதரின் பதவிப் பெயராகவும் வழங்கியது. நிறவேற்றுமை காரணமாகத் தனியே ஒதுக்கப்பட்ட கறுப்பினப் பெண் கணிப்பாளர் பிரிவுக்கு அவர் 1949 இல் தலைவரானார். மின்னணுப் பொறிகள் வந்தபோது, அப்பெண்களின் தொழிலையே அவை கவரும் என்பது தெளிவாயிற்று. வோன் போட்றான் மொழியைக் கற்றுத் தேர்ந்தார்; தம் சக ஊழியர்களுக்கும் கற்பித்தார். 1958 இல் அத்தனிப்பிரிவு கலைக்கப்பட்டபோது அவர் ஐம்பதை அண்மித்திருந்தார். பின்னர் ஸ்கவுட் ஏவுகலத் திட்டத்திற்கும் அவர் பங்களித்தார்.

இவ்வரலாற்றிற்கு மற்றொரு பக்கமுமுண்டு. 1971 இல் ஓய்வுபெறும்வரை வோனுக்கு மீண்டும் தலைமைப் பதவி எதுவும் கிட்டவில்லை. புதிய திறனைப் பெற்றுவிட்டால் எல்லாம் சீராகும் எனக் கூறுவோர் இதனை மனங்கொள்ளுதல் வேண்டும். உழைப்பாளி தன் உழைப்பிலிருந்தே அந்நியமாக்கப்பட்டு, வேலையற்ற வேளையில் மட்டுமே தன்னைத் தானாக உணர்கிறான் என்று மார்க்ஸ் 1844 இல் எழுதினார். அந்நிலையை மாற்றாது, 'மகிழ்ந்து உழையுங்கள்' என அறிவுறுத்துவது, குறைந்த ஊதியத்தையும் மறுக்கப்பட்ட பதவியையும் மூடிமறைக்கும் திரையாகிவிடக் கூடும். மகிழ்ச்சி நீதிக்கு ஈடாகாது.

கடமையும் மகிழ்வும் எப்போதும் முரண்பட்டே நிற்கவேண்டுமா என்பது எஞ்சிய வினாவாகும். 1935 இற் பிறந்த யப்பானியப் பெண்மணி மசாக்கோ வாக்கமியா நெடுங்காலம் வங்கியிற் பணியாற்றியவர். முதிய தாயைப் பராமரித்த காலத்தில், வெளியுலகத் தொடர்பைப் பேணுதற்கு அவருக்குக் கணினி துணையாயிற்று. முதியோர் விரும்பி ஆடத்தக்க விளையாட்டுக்கள் கைத்தொலைபேசியில் அரிதாயிருப்பதைக் கண்டு, நிரலாக்கம் பயின்று, 2017 இல் தமது 81 ஆவது வயதில் அத்தகைய ஒன்றைத் தாமே ஆக்கினார். மரபுவழிப் பொம்மைகளை உரிய இடங்களில் வரிசைப்படுத்தும் அவ்விளையாட்டில் விரைவு வேண்டப்படுவதில்லை. நிதானமும் பண்பாட்டறிவுமே வேண்டப்படுகின்றன. இளைஞர் காணத் தவறிய தேவையை முதுமையே அவருக்குக் காட்டிற்று. இங்கே கடமை கற்றலுக்குத் தடையாகவில்லை. கற்றல் பிறர்க்குப் பயன்பட்டது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், பிற்காலத்தில் மகிழ்வான தொழிலை நாடுதல் தன்னளவில் தன்னலமாகாது என்பது புலனாகும். தம்மைச் சார்ந்தோரை நிர்க்கதியாக்காமலும், பெற்ற அறிவைத் தம்மோடு மட்டும் வைத்துக்கொள்ளாமலும் மேற்கொள்ளப்படுமாயின் அது அறமே. ஆயின், முயற்சியின் முழுச் சுமையையும் தனிமனிதர்மீது ஏற்றிவிட்டுச் சமூகம் ஒதுங்கி நிற்க இயலாது. குடும்பப் பொறுப்புடையோர் மாலையிலும் வார இறுதியிலும் பயில வழியமைத்தல், வயதைக் காட்டி விண்ணப்பங்களை ஒதுக்காதிருத்தல், முந்திய அனுபவத்தைத் தகுதியாக மதித்தல் என்பன கல்வி நிறுவனங்களதும் வேலை கொள்வோரதும் கடப்பாடுகளாம். இவை நிறைவேறாதவரை, ஐம்பதில் வளையாமை மனிதரின் குறையா, வளைய இடங்கொடாத அமைப்பின் குறையா என்று தீர்ப்புக் கூறும் தகுதி எவர்க்கும் இல்லை.